ஊட்டி உறைபனியில் நான்கு ரோல்: மலிவு மீடியம் ஃபார்மட் கேமராவோடு ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டாவது ரோலின் ஏழாவது ஃபிரேமை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். வானம் இருக்க வேண்டிய இடத்தில் ரவை சிந்தினாற்போல் புள்ளிகள். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விளிம்பு, நடுவில் கொஞ்சம் வெளிறல். காய்ந்துபோன நீர்த்துளியின் தடம் அப்படித்தான் இருக்கும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே மங்கலாக ஒரு 6 தெரிந்தது. நான் எடுத்த காட்சியில் 6 என்று எதுவும் கிடையாது.

அந்தக் காலையில் என் விரல்கள் விறைத்திருந்தன, கேமரா கல்லாகக் குளிர்ந்திருந்தது. அதனால் குளிர்தான் படத்தைக் கெடுத்தது என்றே முதலில் நம்பினேன். ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்துப் பார்த்த பிறகுதான் வேறு கதை கிடைத்தது. இரண்டு காலைகள், நான்கு ரோல், 48 ஃபிரேம். எது எங்கே தப்பியது, ஏன் தப்பியது என்று முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு ரோலைக் கெடுத்துவிட்டு இன்னொன்று வாங்க யோசிப்பவர்களுக்கு இது உதவும்.

கேமரா, ஃபிலிம், இடம்

கேமரா லூபிடெல் 166பி. அன்றைய லெனின்கிராடில் லோமோ ஆலை செய்த இரட்டை லென்ஸ் கேமரா. பிளாஸ்டிக் உடம்பு, 75 மி.மீ. எஃப் 4.5 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் திறப்பு பெரிது), ஷட்டர் வேகம் 1/15 முதல் 1/250 வரை, அப்புறம் பி (அழுத்திப் பிடிக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும்). பேட்டரி கிடையாது, வெளிச்சம் அளக்கும் மீட்டர் கிடையாது. ஃபிலிமைச் சுற்றினால் தானாக நிற்கவும் நிற்காது. பின்னால் உள்ள சிவப்பு ஜன்னலில் எண் வரும்வரை நாமே பார்த்துத் திருப்ப வேண்டும். ஷட்டரையும் ஒவ்வொரு முறையும் தனியாக ஏற்ற வேண்டும். பழைய கேமரா விற்பவரிடம் 4,500 ரூபாய்க்கு வாங்கினேன்.

மீடியம் ஃபார்மட் என்றதும் பெரிய பணக்காரப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. நம் ஊர் வீடுகளில் அலமாரி மேல் கிடக்கும் அக்ஃபா கிளிக் 3 எடுப்பதும் இதே 120 ஃபிலிம்தான், இதே 6×6 சதுரம்தான். எத்தனையோ வீடுகளில் தாத்தா பாட்டியின் படங்கள் அந்த மாதிரி கேமராவில் எடுத்தவை. சதுரத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 56 மி.மீ. சாதாரண 35 மி.மீ. ஃபிரேமைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல் பரப்பு. எளிய லென்ஸாக இருந்தாலும் அந்தப் பரப்பு காப்பாற்றிவிடும். செலவு ஃபிலிமில்தான். நான் வாங்கியபோது ஒரு ரோல் 800 ரூபாய்க்குள் கிடைத்தது. 12 படம் என்றால் ஒரு சொடுக்குக்கு 67 ரூபாய், டெவலப் செலவு தனி. அதனால்தான் ஒவ்வொரு கெட்டுப்போன ஃபிரேமுக்கும் காரணம் தெரிய வேண்டியிருந்தது.

மூன்று ரோல் ஃபோமாபான் 100, செக் நாட்டு ஃபிலிம். ஒன்று கென்ட்மியர் 400, இங்கிலாந்தில் இல்ஃபோர்ட் ஃபிலிம் செய்யும் அதே ஆலையிலிருந்து வருவது. இரண்டும் கருப்பு வெள்ளை.

இடம், ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் ஃபிங்கர்போஸ்ட் தாண்டி தலைகுந்தா வரையிலான புல்வெளிகளும் காமராஜ் சாகர் அணைக்கரையும். நீலகிரியில் நவம்பரிலேயே நீர்ப்பனி தொடங்கிவிடும். டிசம்பர் கடைசி, ஜனவரியில் உறைபனி. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அதனால் 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவை அண்ணாந்து பார்ப்பதைவிட, பள்ளத்துப் புல்வெளிக்குப் போனால்தான் வெள்ளை விரிப்பு கிடைக்கும். என் நண்பன் ஒரு தெர்மாமீட்டரைப் புல்மேல் கிடத்தினான், மைனஸ் 1 டிகிரி. அதையே தலை உயரத்தில் பிடித்தபோது 3 டிகிரி. நான்கே டிகிரி வித்தியாசம்தான், ஆனால் முக்காலியை எவ்வளவு தாழ்த்தி வைக்கிறோமோ அவ்வளவுக்கு கேமராவும் குளிரும்.

அந்தச் சாலையில் ஹெச்.பி.எஃப். நிறுத்தம் வரும். இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்திக்கு வந்த அரசு ஆலை. தூசி குறைந்த குளிர்ந்த காற்று ஃபிலிம் செய்ய ஏற்றது என்பதால் ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். "இந்து" என்ற பெயரில் ஃபிலிமும், எக்ஸ்ரே ஃபிலிமும், ஃபோட்டோ தாளும் இங்கிருந்து நாடெங்கும் போயின. மூடிக் கிடக்கும் அந்த வளாகத்தைக் கடக்கும்போது, பையில் செக் நாட்டு ஃபிலிம் வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. மலிவு ஃபிலிம் என்பது இந்த மலையில் வேலை பார்த்தவர்களின் கையிலிருந்து வந்த காலம் ஒன்று இருந்தது.

முதல் காலை

ஐந்தே காலுக்குக் கிளம்பினோம். ஸ்கூட்டர் சீட்டில் பனி உப்பளம்போலப் படிந்திருந்தது. நண்பன் அதை ஒரு பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டினான். சுரண்டிய இடத்தில் கருப்பு ரெக்சின், சுரண்டாத இடத்தில் ஊசி ஊசியாக நிற்கும் வெள்ளை. அதைப் படம் எடுக்க வெளிச்சம் இல்லை. மறுநாள் அதற்காகவே அவனைச் சுரண்டாமல் இருக்கச் சொன்னேன்.

அணைக்கரையில் நீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் தரை குளிர்ந்தாலும் நீர் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதன்மேல் குளிர்ந்த காற்று படும்போது ஆவி புகைபோலத் தெரிகிறது. முதல் இரண்டு ஃபிரேம் அதற்கு. எஃப் 8இல் ஃபோனில் உள்ள மீட்டர் ஆப் 2 விநாடி என்றது. ஃபோமாபான் 100 நீண்ட எக்ஸ்போஷரில், அதாவது நீண்ட நேரம் ஒளி படும்போது, சீக்கிரம் சோர்ந்துவிடும் ஃபிலிம். 1 விநாடி என்றால் இரண்டு மடங்கு, 10 விநாடி என்றால் எட்டு மடங்கு கொடுக்கச் சொல்கிறது அதன் குறிப்பு. இடையில் கணக்குப் போட்டால் 2 விநாடிக்கு மூன்று மடங்கு, அதாவது 6 விநாடி. பி-யில் வைத்து, கேபிள் ரிலீஸை அழுத்திப் பிடித்து, ஆறு வரை எண்ணினேன்.

அடுத்த ஃபிரேமுக்குச் சுற்றும்போது சிவப்பு ஜன்னலில் எண் தெரியவில்லை. இருட்டு. ஃபோன் டார்ச்சை ஜன்னல் மேலேயே வைத்துப் பார்த்தேன். எண் பளிச்சென்று தெரிந்தது. இந்தச் செயலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நான்காவது ஃபிரேம் சூரியன் வருவதற்குச் சற்று முன்பு, 1/15இல். ஜனவரியில் அங்கே சூரியன் எழ ஆறே முக்காலை ஒட்டி ஆகிவிடும். வெயில் விழுந்ததும் 1/60க்கு மாறி ரோலை முடித்தேன். மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமராவில் குளிரில் ஒரு தொல்லை உண்டு. நம் மூச்சு நேராகப் பார்வைக் கண்ணாடிமேல் போய் மூடும். குல்லாவை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு, மூச்சைப் பக்கவாட்டில் விடப் பழகினேன்.

ஏழரை மணிக்குச் சாலையோர டீக்கடை. பாய்லர் கொதிக்கிறது, கடைக்குள் ஆவி, ஏழெட்டுப் பேர் நெருக்கி நின்று டீ குடிக்கிறார்கள். வெளியே விரல் விறைத்து ரோல் மாற்ற முடியவில்லை என்பதால் உள்ளே போய், பெஞ்சில் உட்கார்ந்து, கேமரா முதுகைத் திறந்து கென்ட்மியர் ரோலைப் போட்டேன். லென்ஸ் முன்பக்கம் உடனே மங்கியது, கைக்குட்டையால் துடைத்தேன். உள்பக்கத்தைப் பார்க்கவில்லை.

அந்த ரோலில் ஏழாவது ஃபிரேம் எடுத்து, எட்டாவதுக்குச் சுற்றி வைத்தபோது பனி உருகிவிட்டது. எட்டரைக்கு நண்பன் வீட்டுக்குத் திரும்பினோம். அவன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "கண்ணு, அதை எடுத்து அடுப்புப் பக்கம் ஆணியில மாட்டு. மனுசனுக்கே இப்படி நடுங்குது, அதுக்கு நடுங்காதா?" என்றார். அந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது. மாட்டினேன். இட்லிக் கொப்பரையின் ஆவி கேமராவுக்கு ஒரு முழம் தள்ளித்தான் போய்க்கொண்டிருந்தது.

அன்று இரவே முதல் ரோலை அவன் வீட்டுக் குளியலறையில் டெவலப் செய்தேன். டி-76 என்ற டெவலப்பர் கரைசலை வெந்நீரில் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றினேன். மீதி ஐந்து ஃபிரேமை வேறெங்கோ எடுத்து முடித்த இரண்டாவது ரோல், கோவை திரும்பிப் பத்து நாள் கழித்துத்தான் டெவலப் தொட்டிக்குப் போனது.

முதல் ரோல்: ஒரு தப்பை இன்னொரு தப்பு மூடிய கதை

காய்ந்த பிறகு முதல் ரோல் மெலிந்திருந்தது. நெகட்டிவைச் செய்தித்தாள்மேல் வைத்தால் எழுத்து சுலபமாகப் படிக்க வருகிறது. பொதுவாக இதைப் பார்த்ததும் "எக்ஸ்போஷர் குறைவு" என்று சொல்லிவிடுவோம். ஆனால் ஃபிலிம் விளிம்பில் ஆலையிலேயே ஒளியால் பதித்து வரும் எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. அவற்றுக்கும் என் கேமராவுக்கும் சம்பந்தம் இல்லை. அவை கருப்பாக இருந்து படம் மட்டும் மெலிந்திருந்தால் எக்ஸ்போஷர் குறைவு. அவையும் மெலிந்திருந்தால் டெவலப்பில் கோளாறு. என் ரோலில் விளிம்பு எழுத்தே சாம்பல் நிறத்தில் இருந்தது.

காரணம் எளிது. கரைசலை 20 டிகிரியில் ஊற்றினேன், தொட்டியை ஊற்றுமுன் தொட்டுப் பார்க்கவில்லை. அது 9 டிகிரித் தரையில் ஒரு மணி நேரமாக நின்றிருந்தது. கரைசலைத் திரும்ப வெளியே ஊற்றியபோது அளந்தால் பதினைந்தரை. டி-76இல் வேலை செய்யும் இரண்டு மருந்துகளில் ஹைட்ரோகுவினோன் குளிரக் குளிர மந்தமாகிவிடும், 13 டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்டத் தூங்கிவிடும். நேரத்தை நீட்டியிருக்க வேண்டும், இல்லை தொட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். கோவையில் மே மாதத்தில் கரைசலைக் குளிரவைக்க ஐஸ் தேடி ஓடியே பழக்கப்பட்டவன் நான். எதிர்த்திசையில் யோசிக்கத் தோன்றவில்லை.

இதுவரை சரி. ஆனால் மூன்றாவது, நான்காவது ஃபிரேம் மட்டும் மெலியவில்லை. உறைபனிப் புல் கண்ணுக்கு இதமான அடர்த்தியில் இருந்தது. இது எனக்கு உறுத்தியது. அந்த இரண்டுக்கும்கூட நான் மீட்டர் சொன்னதை அப்படியே வைத்திருந்தேன். மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் புல்லைக் காட்டினால் "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துக் குறைத்துக் கொடுக்கும். ஆக அந்த இரண்டு ஃபிரேமும் மற்றவற்றைப்போலவே மெலிந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

அந்த இரண்டுக்கும் பொதுவான ஒரே விஷயம் 1/15.

வீட்டில் ஒரு சோதனை செய்தேன். கேமராவின் முதுகைத் திறந்து, லென்ஸ் வழியே ஜன்னல் வெளிச்சம் தெரியும்படி வைத்து, ஃபோனில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் வீடியோ. 1/15 என்றால் ஷட்டர் 16 வீடியோ ஃபிரேம் திறந்திருக்க வேண்டும். அறை வெப்பத்தில் 17 வந்தது, நல்ல கணக்கு. பிறகு கேமராவை ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி, ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்தேன். உள்ளே 4 டிகிரி, ஊட்டிக் காலைக்குப் பக்கம். எடுத்த உடனே, பையின் தெளிவான பிளாஸ்டிக் வழியாகவே ஷட்டரை இயக்கிப் பார்த்தேன். 29 ஃபிரேம். இன்னொரு முறை, 31. அதாவது 1/15 என்று எழுதியிருக்கும் இடத்தில் உண்மையில் கிடைத்தது 1/8. 1/60இல் 4 வர வேண்டும், 5 வந்தது. பெரிய வித்தியாசமில்லை.

மெதுவான வேகங்களுக்கு ஷட்டருக்குள் பல்சக்கரங்கள் தனியாக இழுத்துப் பிடிக்கும். பல வருஷ கிரீஸ் அங்கே காய்ந்து பிசின்போல ஆகியிருக்கிறது. அறை வெப்பத்தில் எப்படியோ ஓடும், குளிரில் இறுகிவிடும். வேகமான வேகங்களில் அந்தச் சக்கரங்களுக்கு வேலை குறைவு, அதனால் பாதிப்பும் குறைவு. மீட்டர் ஒரு ஸ்டாப் குறைத்தது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது, இல்லை இரட்டிப்பது), இறுகிய கிரீஸ் ஒரு ஸ்டாப் கூட்டியது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதில் மூன்றாவதும் நான்காவதும் பிழைத்தன. வெயில் வந்த பிறகு எடுத்த எட்டு ஃபிரேமிலும் ஷட்டர் சரியாக ஓடியதால், மீட்டரின் தப்பு அப்படியே தங்கி, டெவலப் கோளாறும் அதன்மேல் ஏறிக்கொண்டது.

முதல் ரோலை மட்டும் பார்த்து "1/15தான் ராசி" என்று அடுத்த நாளும் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நல்லா வந்த படத்துக்கும் காரணம் கேட்க வேண்டும் என்பது இந்த ரோலில்தான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் அந்த டார்ச். முதல் இரண்டு ஃபிரேமின் நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டக் கறை. சிவப்பு ஜன்னல் பழைய காலத்து ஃபிலிமுக்காக வந்தது. அந்த ஃபிலிம்களுக்குச் சிவப்பு தெரியாது. இன்றைய பான்குரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பும் வெளிச்சம்தான். ஃபிலிமோடு சேர்த்துச் சுற்றிய கருப்புத் தாள் நடுவில் இருப்பதால் சாதாரண வெளிச்சத்தைத் தாங்குகிறது, ஒட்டிவைத்த எல்.ஈ.டி. டார்ச்சைத் தாங்கவில்லை. ஆறு விநாடி மூச்சடக்கி எண்ணி எடுத்த இரண்டு படங்களும் போயின. இப்போது ஜன்னல்மேல் ஒரு துண்டு கருப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். சுற்றும்போது மட்டும் தூக்கி, டார்ச்சை விரலால் மூடி, விரல் சந்தில் கசியும் வெளிச்சத்தில் எண்ணைப் பார்க்கிறேன்.

இரண்டாவது ரோல்: டீக்கடையும் அடுப்பும்

இனி ஏழாவது ஃபிரேம்.

இரண்டாவது ரோலின் முதல் மூன்று ஃபிரேம்களில் புள்ளி இல்லை. ஆனால் மெல்லிய வேட்டி வழியே பார்த்ததுபோல எல்லாம் பூத்துத் தெரிந்தது. வெளிச்சமான இடங்கள் பக்கத்துக்குக் கசிந்திருந்தன. நான்காவதில் அது குறைந்து, ஐந்தில் தெளிந்துவிட்டது. லென்ஸின் முன்பக்கத்தைத் துடைத்திருந்தேன், எனவே மங்கல் பின்பக்கத்தில். டீக்கடையில் 3 டிகிரியில் இருந்த கேமராவின் வயிற்றைத் திறந்து, பாய்லர் ஆவியை உள்ளே விட்டு, மூடிக்கொண்டு வெளியே வந்திருக்கிறேன். உள்ளே சிறைப்பட்ட ஈரம், இருப்பதிலேயே குளிர்ந்த கண்ணாடியில் போய் உட்கார்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது விலக மூன்று ஃபிரேம் ஆனது.

ஏழும் எட்டும் வேறு மாதிரி. கேமரா அடுப்படி ஆணியில் தொங்கியபோது எட்டாவது ஃபிரேம் லென்ஸுக்குப் பின்னால் விரிந்து நின்றது, ஏழாவது அப்போதுதான் மேல் ஸ்பூலில் சுற்றியிருந்தது. சமையலறை 18 டிகிரி, காற்றில் ஈரம் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருள்மேலும் பனித்துளி கட்டும். இட்லி வேகும் சமையலறையில் ஈரம் அதைவிடக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். கேமரா 4 டிகிரியில் வந்தது. லூபிடெல் காற்றுப் புகாத பெட்டி இல்லை, எல்லா இடுக்கிலும் மூச்சு விடும். துளி வெளியே கட்டியதை நான் பார்த்தேன், துடைத்தேன். உள்ளே ஃபிலிம்மேலும் தாள்மேலும் கட்டியதை யாரும் பார்க்கவில்லை.

அந்த 6 எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது விளங்கியது. 120 ஃபிலிமின் கருப்புத் தாளில் வெளிப்பக்கம் எண்கள் அச்சடித்திருக்கும். சுருளும்போது ஒரு சுற்றுத் தாளின் அச்சுப் பக்கம், அதன்மேல் வரும் அடுத்த சுற்று ஃபிலிமின் மருந்துப் பக்கத்தோடு (படம் பதியும் பக்கம்) ஒட்டிப் படுக்கும். அதனால்தான் ஏழாவது ஃபிரேம்மேல் 6. காய்ந்த தாள் அப்படிப் படுத்தால் ஒன்றும் இல்லை. நனைந்த தாள், இறுக்கிச் சுற்றிய நிலையில், பத்து நாள் கோவை வெப்பத்தில் இருந்தால் அச்சின் தடம் மருந்தில் இறங்கிவிடும். ரோலை அன்றே டெவலப் செய்திருந்தால் புள்ளி மட்டும் இருந்திருக்கும், எண் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இதில் எனக்கு மிகவும் பட்டது ஒன்று. ஐந்தும் ஆறும் உறைபனிக்கு நடுவில், கேமரா நன்றாகக் குளிர்ந்திருந்தபோது எடுத்தவை. அந்த இரண்டும்தான் ரோலிலேயே சுத்தமான நெகட்டிவ்கள். ஃபிலிமுக்கு 0 டிகிரி பிடித்த இடம். அதனால்தானே ஃபிரிட்ஜில் வைக்கிறோம்! அதைக் கெடுத்தது வெதுவெதுப்புக்கு அழைத்து வந்த அரை மணி நேரம்.

மறுநாள் விடியலில் கேரட் தோட்டத்தில் ஸ்பிரிங்ளர் ஓட்டிக்கொண்டிருந்த விவசாயி ஒருவரிடம் பேசினேன். "இந்தக் குளிரில் தண்ணி அடிக்கிறீங்களே அண்ணா?" என்றேன். "வெயில் வர்றதுக்கு முன்னாடி பனியைக் கழுவி விட்டுரணும் தம்பி. பனி இருக்கறப்ப இலைக்கு ஒண்ணும் தெரியாது. அதும்மேல வெயில் அடிச்சாத்தான் கருகிப்போகும்" என்றார். அப்போது இரண்டாவது ரோலை நான் டெவலப் செய்திருக்கவில்லை. கோவையில் அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

இரண்டாவது காலை

முதல் ரோலின் மெலிவை மட்டும் அறிந்துகொண்டுதான் மறுநாள் போனேன். மற்றவற்றில் பாதி ஊகம், பாதி அதிர்ஷ்டம். நண்பனின் அக்கா கொடுத்த யோசனை ஒன்று பெரிய உதவி. அவர் பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். கேமரா வெளியே மங்கியதைக் கேட்டுவிட்டு, "குளிர்லயே பையில போட்டு மூடிட்டு வீட்டுக்குள்ள வாங்க. ஈரம் பை மேல கட்டும், உள்ள கட்டாது" என்றார். பெரிய ஜிப் பை ஒன்று எடுத்துப் போனேன். புல்வெளியிலேயே கேமராவைப் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடினேன். வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் திறக்கவில்லை. பைக்கு வெளியே துளித் துளியாக வழிந்தது, உள்ளே கேமரா காய்ந்தே இருந்தது. மலிவு கேமராவின் பிளாஸ்டிக் உடம்பு சூட்டை மெதுவாகத்தான் வாங்கும், உள்ளே இறுகச் சுற்றிய ரோல் இன்னும் மெதுவாக வாங்கும். அதனால் "வெளியே தொட்டால் குளிரவில்லை" என்று நம்பித் திறக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் என்பது என் கணக்கு, அதைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

ரோல் மாற்றியதும் வெளியேதான். ஒரு மரத்தின் நிழலில், காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மாற்றினேன். விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை, பாக்கெட்டில் சூடான டீ ஊற்றிய சின்ன ஸ்டீல் பிளாஸ்க். பிளாஸ்க்கைப் பிடித்துப் பத்து விநாடி, பிறகு ரோல். தாளின் நுனி நாக்கை ஸ்பூல் பிளவில் செருகி இரண்டு சுற்று சுற்றும்வரை விரலுக்கு உயிர் இருந்தால் போதும்.

எக்ஸ்போஷரை மாற்றினேன். பனிமலைக்கு ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூட்டச் சொல்வார்கள். உறைபனி அந்த அளவு வெள்ளை இல்லை. ஊசி ஊசியான வெள்ளைக்கு நடுவே புல்லின் கருமை தெரிந்துகொண்டே இருக்கும். மீட்டரில் எஃப் 8, 1/60 என்று வந்தால் எஃப் 5.6, 1/60 வைத்தேன். ஒரே ஸ்டாப். நெகட்டிவில் அது சரியாக இருந்தது, ஒன்றரை கூட்டிய இரண்டு ஃபிரேமில் வெயில் பட்ட பனி விவரம் இல்லாமல் அப்பிக்கொண்டுவிட்டது.

ஒரு மஞ்சள் ஃபில்டரும் வைத்திருந்தேன். காலை வெயிலில் பனிமேல் விழும் நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பது நீல வானம். அந்த நிழல் கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றினாலும் ஃபிலிமுக்கு நீலம். மஞ்சள் கண்ணாடி நீலத்தைக் குறைப்பதால் நிழல் கருத்து, ஒவ்வொரு பனி ஊசியும் தனித்தனியாக எழுந்து நிற்கிறது. ஃபில்டருக்காக இன்னொரு ஸ்டாப் கூட்ட வேண்டும். சேர்ந்தது எஃப் 5.6, 1/30. லென்ஸை அதற்கு மேல் திறந்தால் ஓரங்கள் குழையும், எனவே முக்காலி. முக்காலிக் கால்களை நன்றாக அழுத்தி ஊன்ற வேண்டும், பனி உருகும்போது புல் மெத்தை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஸ்கூட்டர் சீட்டை எடுத்தேன். ஸ்பிரிங்ளர் நீர் கம்பி வேலியில் பட்டு உறைந்து, கம்பிக்குக் கீழே பல்வரிசைபோலத் தொங்கியதை எடுத்தேன். அணைக்கரையில் ஆவியை மறுபடியும், இம்முறை டார்ச் இல்லாமல். 24 ஃபிரேமில் 19 பிரிண்ட் போடும் அளவுக்கு வந்தன. முதல் நாள் 24இல் அப்படிச் சொல்லக்கூடியவை ஐந்து.

இந்த ஆய்வு 0 டிகிரியை ஒட்டிய குளிருக்குத்தான். லடாக்கில் லே, திராஸ் பக்கம் ஜனவரியில் போகிறவர்களும், கனடாவில் இருக்கும் நம்மவர்களும் இதைவிட மிகக் கீழே போவார்கள். அங்கே காற்று காய்ந்திருக்கும், வேகமாகச் சுற்றினால் ஃபிலிம்மேல் நிலைமின்சாரம் பொறித்து மின்னல் கொடிபோலக் கோடு விழும். ஃபிலிமும் விறைத்து மடிப்பில் உடையக்கூடும். நிதானமாகச் சுற்றுவதுதான் அதற்கு வழி. பையில் போட்டு மூடும் வேலை அங்கே இன்னும் அவசியம், வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும்போது வெளிக்கும் உள்ளுக்கும் நாற்பது டிகிரி வித்தியாசம் இருக்கும்.

மார்ச்சில் கேமராவைப் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். மெக்கானிக் பழைய கிரீஸைப் பெட்ரோலில் கழுவி எடுத்து, பல்சக்கரங்களை அநேகமாக உலர்வாகவே விட்டுவிட்டார். திரும்ப வந்ததும் அதே ஜிப் பை, அதே ஃபிரிட்ஜ், அதே இரண்டு மணி நேரம். 1/15இல் 18 ஃபிரேம். இன்னொரு முறை, 18. வேலிக் கம்பிப் படத்தை எட்டு அங்குலச் சதுரத்தில் பிரிண்ட் போட்டு நண்பனின் அம்மாவுக்கு அனுப்பினேன். அடுப்புப் பக்கம் மாட்டாமல் கூடத்தில் மாட்டியிருப்பதாக நண்பன் சொன்னான்.